தைக் குளிரில் மலைப்பயணம்: ஆறு பள்ளித் தோழர்கள், மூன்று நாட்கள், கொடைக்கானலா மூணாறா?

வைகைக்கரையான் (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1982ஆம் ஆண்டில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நாங்கள் ஆறு பேர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட பிறகு, மூன்று நாட்கள் ஒன்றாக இருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இருவர் சென்னையிலிருந்தும் ஒருவர் ஓசூரிலிருந்தும் ரயிலில் மதுரைக்கு வந்து சேர்வார்கள். மற்ற மூவரும் உள்ளூர்தான். பள்ளிச் சுற்றுலாவில் கொடைக்கானல் போனபோது எங்கள் குழுவில் இருந்தது ஒரே ஒரு ஸ்வெட்டர். அதை நான்கு பேர் மணிக்கணக்கு வைத்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். அந்த நினைவுதான் குளிர்காலத்திலேயே போக வேண்டும் என்ற பிடிவாதத்துக்குக் காரணம்.

எங்கள் திட்டம் இதுதான். டிசம்பர் 30 அதிகாலையில் மதுரையிலிருந்து இரண்டு கார்களில் புறப்பட்டு, அன்றிரவு கொடைக்கானலில் தங்குவது. மறுநாள் அங்கிருந்து மூணாறு சென்று புத்தாண்டு இரவை அங்கே கழிப்பது. ஜனவரி 1 அன்று போடிமெட்டு வழியாக மதுரை திரும்புவது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி வழியாக டாப் ஸ்டேஷன் சென்று மூணாறை அடைய ஒரு குறுக்குச் சாலை இருப்பதாக உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். வரைபடத்திலும் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களில் எவருக்கும் அறுபதுக்குக் குறைந்த வயதில்லை. ஒருவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி. இன்னொருவர் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். காரை ஓட்டப்போவது நானும் முழங்கால் வலிக்காரரும். மலைச்சாலையில் நான் கடைசியாக ஓட்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தத் திட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதவும்.

காட்ரோடு ஓட்டுநர் (வத்தலக்குண்டு) எழுதியது:

அண்ணனுக்கு வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கொடைக்கானல் மலையில் வேன் ஓட்டுகிறேன். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தக் குறுக்குச் சாலையை மறந்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் படையெடுத்தால் தப்பிச் செல்வதற்கென்று சீரமைத்த பழைய பாதை அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதில் பொதுப் போக்குவரத்து கிடையாது. பேரிஜம் ஏரி வரைக்குமே வனத்துறையின் அனுமதிச் சீட்டோடு, அவர்கள் சொல்லும் நேரத்தில்தான் போய் வர முடியும். அதற்கு அப்பால் காடு. வரைபடத்துக் கோட்டை நம்பி வந்து, வனத்துறைச் சாவடியில் வாதாடிவிட்டு வண்டியைத் திருப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்குக் கொடைக்கானலிலிருந்து மூணாறு போவது என்றால் காட்ரோடு வரை மலையை முழுவதும் இறங்கி, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, போடி என்று சமவெளியில் ஓடி, மறுபடியும் போடிமெட்டு ஏற வேண்டும். ஏறத்தாழ 170 கிலோமீட்டர். உங்கள் வயதினரை ஏற்றிக்கொண்டு, தேநீருக்கும் சிறுநீருக்கும் நிறுத்திப் போனால் ஒரு பகல் முழுவதும் அதிலேயே போய்விடும். பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளம் இறங்கும் சாலை ஒன்று உண்டு. தூரம் குறைவுதான், ஆனால் குறுகலானது, மழைக்காலத்தில் அடிக்கடி மண் சரிந்து அடைபடுவது. பழக்கம் இல்லாதவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, நாள். டிசம்பர் 30, 31, ஜனவரி 1 ஆகிய மூன்று நாட்களும் ஊரில் உள்ள கார்களில் பாதி மலையில்தான் இருக்கும். வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்து ஊருக்குள் நுழைய எட்டே கிலோமீட்டர். அந்த எட்டு கிலோமீட்டரை முதல் கியரில் இரண்டு மணி நேரம் ஊர்ந்த புத்தாண்டுகள் எனக்கு உண்டு. போதாததற்கு, டிசம்பர் கடைசி வரையிலும் வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் இருக்கக்கூடும். 2018 நவம்பரில் கஜா புயல் கடலோரத்தோடு நிற்காமல் கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாலையில் சாய்த்துவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பொங்கல் கழிந்த பின், தை மாதத்தின் வார நாட்களில் வாருங்கள். வானம் தெளிந்திருக்கும், கூட்டம் வடிந்திருக்கும், நீங்கள் கேட்கும் குளிரும் குறையாமல் கிடைக்கும். ஆனால் பழனி வழியாக ஏறலாம் என்று நினைக்காதீர்கள். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் சாலையில் இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கும்; அந்த நாட்களில் அங்கே வண்டி வேகமாகப் போகவும் முடியாது, போகவும் கூடாது.

இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் அது கட்டாயம். கட்டணம் இல்லை, வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தங்கும் நாட்கள் ஆகியவற்றைப் பதிந்து வீட்டிலேயே எடுத்துவிடலாம். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மலையில் தடை உண்டு. பிடிபட்டால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் வசூலிப்பார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்தால் போயிற்று.

இனி ஓட்டுவதைப் பற்றி. மலையேறுவது இஞ்சின் வேலை, இறங்குவதுதான் ஓட்டுநர் வேலை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கியரைக் கூட்டிப் போட்டுக்கொண்டு பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் பிரேக் பேடு சூடேறி, அந்தச் சூட்டில் பிரேக் ஆயிலும் கொதித்து, மிதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. எனக்கே ஒரு முறை, தொழிலுக்கு வந்த புதிதில், டம் டம் பாறைக்குக் கீழே கருகிய நாற்றம் வந்தது. பின்னால் கல்யாண வீட்டார் பதினோரு பேர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் கியருக்கு இறக்கி, மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுக்கி, ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தேன். தலையாறு அருவி பார்ப்பதற்காக நிறுத்தியதாக அவர்களிடம் சொன்னேன். உங்கள் கார் ஆட்டோமேட்டிக் என்றால் அதிலும் கியரைக் கையால் குறைத்து வைத்துக்கொள்ள வழி இருக்கும். புறப்படும் முன்பே அதைப் பழகிக்கொள்ளுங்கள். ஒடுங்கிய இடத்தில் எதிரே வண்டி வந்தால், மேலே ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது சட்டம்.

உண்மையைச் சொன்னால், முழங்கால் வலிக்காரர் கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச் மிதிக்க வேண்டாம். இரண்டு காருக்குப் பதிலாகப் பன்னிரண்டு இருக்கை வேன் ஒன்றை ஓட்டுநரோடு அமர்த்திக்கொள்ளுங்கள். இதை நான் என் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் வேறு யாரிடமாவது அமர்த்துங்கள், ஆனால் அமர்த்துங்கள். இன்னொன்று: பேட்டா கொடுத்துவிட்டோம் என்பதோடு விடாமல், ஓட்டுநருக்கும் ஒரு படுக்கை கேட்டு வாங்குங்கள். தை மாதக் குளிரில், வேனின் பின் இருக்கையில், சீட்டு உறையைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய நடுங்கியவன் மறுநாள் உங்களை இறக்கிக்கொண்டு போகும்போது கண் சொக்குவான்.

ஏலத்தோட்டம் (போடிநாயக்கனூர்) எழுதியது:

நான் மூணாறுக் கட்சிக்காரன். ஆனாலும் மேலே ஓட்டுநர் அண்ணன் சொன்னதை மறுக்க முடியவில்லை: மூன்று நாளில் இரண்டு மலை என்பது மலையைப் பார்ப்பது ஆகாது, வளைவுகளை எண்ணுவதுதான் ஆகும்.

நீங்கள் மூணாறையே தேர்ந்தெடுப்பதாக இருந்தால் சில விவரங்கள். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி என்று நேர்ச்சாலை. போடியைத் தாண்டி முந்தலில் மலை தொடங்கிவிடும்; பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கிருந்து மூணாறு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். அந்தப் பகுதியை இப்போது அகலப்படுத்திவிட்டதால் முன்பு போல் முதுகு நோகாது. ஆனால் தேவிகுளத்துக்கு முன் வரும் கேப் ரோட்டில் மழை பெய்தால் பாறை சரியும். புறப்படும் அன்று காலை போடிமெட்டில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

வெளியூர்க்காரர்கள் அறியாத ஆபத்து ஒன்று எங்கள் சாலையில் உண்டு. ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் தேனி மாவட்டத்திலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடிந்ததும் மேலே பறக்கும், மாலை நான்கு மணிக்கு மேல் கீழே பறக்கும். அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் உள்ளங்கை ரேகை மாதிரி. உங்களுக்கு அப்படி அல்ல. ஆகையால் காலை ஒன்பது மணிக்கு மேல் ஏறி, பிற்பகல் மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள். மூடுபனியும் பிற்பகலுக்கு மேல்தான் பள்ளத்தாக்கிலிருந்து சாலைக்கு ஏறி வரும். அதற்குள் மாட்டிக்கொண்டால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்திப் போட்டால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வெள்ளைச் சுவர் எழுந்தது போல் இருக்கும்.

கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை எங்கள் மாவட்டச் சாலைகள் எல்லாம் ஐயப்ப பக்தர்களுக்குத்தான். கம்பம், குமுளிப் பக்கம் ஒருவழிப் போக்குவரத்து மாற்றங்களும் அறிவிப்பார்கள். மகரவிளக்கு ஜனவரி நடுவில் முடிந்துவிடும் என்பதால் அதற்குப் பிறகு தேனிச் சாலை மூச்சு விடும். மஞ்சள் பலகை வேனில் வந்தால் கேரளத்துக்குள் நுழைவதற்கான பர்மிட்டும் வரியும் தனி. வேன் பேசும்போதே அது வாடகையில் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள், போடிமெட்டில் நின்று கேட்காதீர்கள்.

ஆனையிறங்கல், சின்னக்கானல் பகுதியில் இருட்டிய பிறகு வண்டியை நிறுத்தி இறங்க வேண்டாம். 2023 மே மாதம் கம்பம் நகருக்குள் நடந்து வந்து எங்கள் மாவட்டத்தையே வீட்டுக்குள் பூட்டிய அரிக்கொம்பன், அந்தச் சின்னக்கானல் காட்டிலிருந்து இடம் மாற்றப்பட்ட யானைதான். அவன் போய்விட்டான், மற்ற யானைகள் அங்கேயே இருக்கின்றன.

ஓய்வுபெற்ற செவிலியர் (திருமங்கலம்) எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். சாலையைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் ஆட்களைப் பற்றி எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும்போது நீங்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் மேலே போகிறீர்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வீதம் குளிர் கூடும் என்பதால், மதுரையில் இருபது டிகிரியில் விடியும் நாளில் அங்கே எட்டு டிகிரியோ அதற்கும் கீழோ இருப்பதில் வியப்பில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் வெப்பம் தடையின்றி வானத்துக்குப் போய்விடுவதால், ஏரிப் பகுதியில் புல் மீது உறைபனி வெள்ளையாகப் படியும். அதைப் பார்க்கத்தான் எல்லோரும் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிளம்புவார்கள். ஸ்டென்ட் வைத்த உங்கள் நண்பரை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், இதயத்தின் வேலை கூடும். வெயில் வந்த பிறகு எட்டு மணிக்கு நடந்தால் போதும். நிழலில் உள்ள புல்லில் அப்போதும் உறைபனி மிச்சம் இருக்கும். புறப்படுவதற்கு முன் அவர் தம் இதய மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுவிட வேண்டும். மூன்று நாள் பயணம் என்றாலும் ஐந்து நாளுக்குப் போதுமான மாத்திரைகளைக் கொண்டுவந்து, அவற்றைப் பெட்டியில் வைக்காமல் சட்டைப்பையில் வைக்க வேண்டும். மலையில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் இதயத்துக்கான உயர் சிகிச்சை என்றால் மணிக்கணக்காக மலையிறங்கித்தான் ஆக வேண்டும் என்பதை ஆறு பேரும் தெரிந்துவைத்திருங்கள்.

இன்சுலின் போடுகிறவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் கை நடுங்கும், வியர்க்கும். குளிரில் எல்லோருக்கும் கை நடுங்கும் என்பதால் பக்கத்தில் இருப்பவர் கவனிக்கமாட்டார். நடுக்கத்தோடு வியர்வையும் கண்டால் உடனே சர்க்கரையோ இனிப்புத் தேநீரோ கொடுங்கள். அவரிடம் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். வளைவுகளில் வாந்தி வருபவர்கள் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, மருத்துவரிடம் கேட்டு, அதற்குரிய மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். வத்தலக்குண்டில் புரோட்டாவும் சால்னாவும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மலையேற வேண்டாம், இரண்டு இட்லி போதும்.

நாற்பது ஆண்டுகள் கழித்துச் சேரும் ஆண்கள் என்றால் பாட்டிலும் வரும் என்று எனக்குத் தெரியும். மது குடித்தால் சூடாக இருப்பது போலத் தோன்றுவது தோலுக்கு இரத்தம் பாய்வதால்தான். அதே காரணத்தால் உடம்பின் உள்சூடு வெளியே போகிறது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதை மட்டும் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு குளிர்ந்தாலும் அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் அது ஏறிக்கொள்ளும். தூங்கியவருக்கு மூச்சு முட்டுவதே தெரியாது. கூடுதலாக இரண்டு கம்பளி கேளுங்கள், வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள், காலுறையும் காதை மூடும் குல்லாவும் போட்டுக்கொண்டு படுங்கள்.

வைகைக்கரையான் (மதுரை) எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு ஆறு பேரும் வாட்ஸப் அழைப்பில் பேசினோம். தேதியைப் பொங்கலுக்கு அடுத்த வாரம் செவ்வாய், புதன், வியாழன் என்று மாற்றியாகிவிட்டது. வேனும் உறுதி. கார் சாவியைக் கொடுக்க மனமில்லாமல் முழங்கால்காரர் அரை மணி நேரம் வாதாடினார். செவிலியர் அம்மா எழுதியதை நான் உரக்கப் படித்துக்காட்டியபோது ஸ்டென்ட் வைத்தவர் ஒன்றும் பேசவில்லை, அவருடைய மனைவிதான் பின்னாலிருந்து ‘அந்தம்மா எழுதினதை எனக்கும் அனுப்புங்கண்ணே’ என்றார். ஓசூர் நண்பர் மட்டும் மூணாறு வேண்டும் என்கிறார். தேயிலைத் தோட்டம் பார்த்ததே இல்லையாம். கொடைக்கானலில் மூன்று நாள் என்ன செய்வது என்பது அவர் கேள்வி. நடக்கவே முடியாத ஒருவரை வைத்துக்கொண்டு எங்கே போகலாம் என்பது என் கேள்வி.

காட்ரோடு ஓட்டுநர் (வத்தலக்குண்டு) எழுதியது:

மதுரையிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் வாடிப்பட்டி, நிலக்கோட்டை வழியாக ஏழரைக்கு வத்தலக்குண்டு. பனி விலகி எட்டு மணிக்கு மேல் மலையில் ஏறினால் பதினொரு மணிக்கு ஊருக்குள் இருப்பீர்கள். அன்று எங்கேயும் போக வேண்டாம். அறை, சாப்பாடு, உறக்கம், மாலையில் ஏரி. அந்த ஏரி 1863இல் வெட்டியது. சுற்றுச்சாலை ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் மேடு பள்ளம் இல்லாதது. முழங்கால்காரர் நடக்க வேண்டியதில்லை, படகுத்துறைப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தாலே அவருக்குப் பொழுது போகும்.

இரண்டாம் நாள் பூம்பாறை, மன்னவனூர். டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். போகும்போது இறக்கம், திரும்பும்போது முழங்காலைக் கேட்கும் ஏற்றம். பூம்பாறைக்கு மேலே சாலை ஓரத்தில் வேனை நிறுத்தினால் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களும் நடுவில் ஊரும் ஒரே பார்வையில் கிடைக்கும். வண்டியை விட்டு இறங்காமலேயே பார்க்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு அங்கே விளைவதுதான். ஊருக்குள் குழந்தை வேலப்பர் கோயில். மன்னவனூரில் ஆட்டுப் பண்ணையும் புல்மேடும் ஏரியும். ஓசூர்க்காரர் தேயிலையை மறந்துவிடுவார். மறக்காவிட்டால் அடுத்த தையில் போடிக்காரரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தைப் பார்க்க நேரம் இருந்தால் பாருங்கள், பகல் ஒரு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். இறங்கும்போது ஓட்டுநரிடம் யாரும் கதை பேச வேண்டாம்.

வைகைக்கரையான் (மதுரை) எழுதியது:

இதுவே முடிவு. இ-பாஸ் இன்று மாலை எடுத்துவிடுகிறேன். தங்குமிடத்தில் ஓட்டுநருக்கும் சேர்த்து ஏழு படுக்கை கேட்டிருக்கிறேன். ஏழாவது படுக்கை எதற்கு என்று முதலில் விழித்தார்கள், பிறகு கொடுத்துவிட்டார்கள். முன் இருக்கையில் யார் உட்காருவது என்பதில் மட்டும் இன்னும் தகராறு. வாந்தி எடுப்பவருக்கே முன்னுரிமை என்று ஓசூர்க்காரர் சொல்கிறார். 1982இல் அந்தப் பேருந்தில் வாந்தி எடுத்தது தான்தான் என்று இப்போது மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள்.